ஹீட்டர் வகுப்பு எடுத்த டெல்மர்

டெல்மர் ஹாக்ஸ்டாடுக்குக் கடவுள் கொடுத்தது ஒரு குரல். மற்றதையெல்லாம் அவராகச் சேர்த்துக்கொண்டார்.

அமெரிக்காவின் வட டகோட்டாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன வானொலி நிலையத்தில் அவர் காலமெல்லாம் வானிலை வாசித்தார். கிணற்றுக்குள் இருந்து வருவது போன்ற கனமான, நிதானமான குரல். "இன்று பிற்பகல் பனிப்புயல்" என்று அவர் சொல்லிவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். புயல் வராமல் போனால், தப்பு புயலுடையது என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் குரலுக்கு மயங்காத ஒரே ஆள் அவர் மனைவி அர்வில்லா. பல் துலக்கும்போது அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றதும் இருவரும் வீட்டை விற்று ஒரு வீட்டு வண்டி வாங்கினார்கள். முன்னால் ஸ்டியரிங், பின்னால் கட்டில், நடுவே சமையல், குளியல், சண்டை எல்லாம். அக்டோபர் முடிந்தால் வடக்கில் இருக்கிற நரைத்த தலைகளெல்லாம் இப்படிப்பட்ட வண்டிகளில் ஏறி, தெற்கே அரிசோனா பாலைவனத்துக்குப் படையெடுக்கும். டெல்மரும் அந்தப் படையில் சேர்ந்தார். கள்ளிச் செடிகளுக்கு நடுவே, கரண்ட் கம்பமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத சரளை நிலத்தில், முப்பது நாற்பது வண்டிகள் வருஷா வருஷம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கூரையில் சூரியத் தகடு, வாலில் காஸ் சிலிண்டர், வாசலில் ஒரு பாய், பாய்க்கு மேல் மடக்கு நாற்காலி. இதுதான் சொத்து.

பகலில் அரைக்கால் சட்டை போட்டுத் திரியலாம். பொழுது சாய்ந்தால் பாலைவனம் தன் சுயரூபத்தைக் காட்டும். விடிகாலையில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு படிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு வண்டியிலும் அலமாரிக்குக் கீழே ஒரு காஸ் ஹீட்டர் உண்டு. பாலைவனத்தில் ஆளுக்கு ஆள் கட்சி வேறு, சபை வேறு, பீன்ஸ் வேகவைக்கும் முறை வேறு. ஹீட்டர் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே ஜாதி.

டெல்மர் ஹீட்டர் நிபுணர் ஆனது ஒரு விபத்து. முதல் வருஷம், பக்கத்து வண்டி ஹாலிஸின் ஹீட்டர் நின்றுபோனது. ஹாலிஸ் ஓரிகானில் நூலகராக இருந்தவர், சத்தம் போட்டு இருமக்கூடக் கூச்சப்படுகிறவர். அவர் உள்ளே தலையை விட்டுக் கிடக்க, அந்தப் பக்கமாக நடை போன டெல்மர் பாக்கெட்டில் கையை விட்டபடி நின்று, வானிலை வாசிக்கிற தோரணையில் சொன்னார்:

"பாட்டரியைப் பாருங்க."

ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். ஆனால் பாட்டரிதான் செத்திருந்தது. அன்று சாயங்காலமே அவர் பேர் கடைசி வண்டி வரை போய்விட்டது.

பேர் வந்த பிறகு படித்துக்கொள்வதுதானே மரியாதை? டெல்மரும் படித்தார். அடுத்த வருஷத்திலிருந்து சீசனில் ஒரு வியாழக்கிழமை, தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே "ஹீட்டர் வகுப்பு" என்று ஒன்று ஆரம்பமானது. ஆளாளுக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு வருவார்கள். டெல்மர் எழுந்து நிற்பார்.

"முதல்ல ஃபேன் சுத்தும். காத்து வருதான்னு உள்ள ஒரு சின்னத் தகடு ஆடிப் பாத்துச் சொல்லும். அப்புறம் காஸ் திறக்கும். அப்புறம் பொறி. அப்புறம் தீ. இந்த வரிசையில எந்த இடத்துல நின்னுதோ, அங்கதான் நோய்."

இதை அவர் சொல்லும்போது சில பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் அவர் வண்டிக்குப் போவார்கள். அவர் பொத்தானைத் திருப்புவார். ஹீட்டர் உறுமும். எல்லோரும் கை தட்டுவார்கள். காஸ் ஹீட்டர் எரிவதற்குக் கை தட்டுகிற கூட்டம் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

இந்த வருஷம் டெல்மர் ஒரு படி மேலே போனார். பாலைவனத்துக் குளவிக்கு காஸ் வாசனை என்றால் உயிர். வண்டியின் வெளிப்புறத்தில் ஹீட்டர் மூச்சு இழுத்துப் புகை விடுகிற துளை ஒன்று இருக்கும். அதற்குள் குளவி புகுந்து மண்கூடு கட்டிவிடும். இதற்குக் கடையில் கம்பி வலை கிடைக்கிறது. டெல்மருக்கு அது போதவில்லை. டீ வடிகட்டிகளைப் பிரித்து, இரட்டை மடிப்பாக மடித்து, விளிம்பில் பித்தளைக் கம்பி கட்டி, குளவி என்ன, குளவியின் எண்ணம்கூட நுழைய முடியாதபடி ஒரு வலை செய்தார். தனக்கு ஒன்று மாட்டினார். ஹாலிஸுக்கு ஒன்று. பிறகு வண்டி வண்டியாகப் போய், வேண்டும் என்றவருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவருக்கும் மாட்டிவிட்டார். தன் வலையைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து மினுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் மணல்காற்று அடித்தது. பாதி நாள், மாவு போன்ற புழுதி. அது ஓய்ந்த மறுநாள் விடியலில் டெல்மர் வண்டியின் ஹீட்டர் நின்றுபோனது.

ஃபேன் சுற்றியது. தகடு ஆடியது. காஸ் திறந்தது. டிக் டிக் என்று பொறி விழுந்தது. புப் என்று தீ பிடித்தது. பிடித்த தீ, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, உடனே அணைந்தது. மறுபடி டிக் டிக், புப், அணைப்பு. மூன்றாவது தடவைக்குப் பிறகு ஹீட்டருக்கே வெறுத்துவிட்டது. வெறும் குளிர்காற்றை ஊதிக்கொண்டு கிடந்தது.

"என்ன ஆச்சு?" என்று போர்வைக்குள்ளிருந்து அர்வில்லா கேட்டார்.

"ஒண்ணுமில்ல கண்ணு, யோசிக்குது."

"அது யோசிக்கிற வரைக்கும் நான் உயிரோட இருப்பேனா?"

நிபுணர் வீட்டு ஹீட்டர் நிற்கலாமா? அதுவும் வகுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது? அன்றே டெல்மர் ஒரு முடிவெடுத்தார். யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிட வேண்டும். வெளியே நின்று கழற்றினால் நாலு பேர் பார்ப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் நாற்காலி வரும். ஆகவே திரையை இழுத்துவிட்டு, அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே இருந்தே வைத்தியம் ஆரம்பமானது.

அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்தார். நீலமாக, நிமிர்ந்து எரிந்தது. காஸில் குறையில்லை. பாட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தார். திடகாத்திரம். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மின் பலகையின் செம்புப் பற்களை பென்சில் அழிப்பானால் தேய்த்தார். பொறி விழுகிற கம்பிகளின் இடைவெளியை அர்வில்லாவின் நக அரத்தால் அளந்தார். பர்னரைக் கழற்றி, அதில் ஒரு கிழட்டுச் சிலந்தி இருந்ததைக் கண்டு, "அகப்பட்டாயா!" என்று கூவி, அதை மரியாதையாக வெளியேற்றினார். மறுபடி பொத்தான். டிக் டிக், புப், அணைப்பு.

"சிலந்தியையாவது இருக்க விட்டிருக்கலாம்," என்றார் அர்வில்லா. "அதுக்காவது கதகதப்பா ஒரு மூலை இருந்துச்சு."

அர்வில்லா அப்போது இரண்டு ஸ்வெட்டர், டெல்மரின் வேட்டைக் குல்லா, கையில் அடுப்படிக் கையுறை என்று ஏதோ துருவப் பயணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

"ஹாலிஸைக் கூப்பிட்டுக் கேளேன். இல்ல, அந்த ரொவீனாவைக் கேளு. லாரி ஓட்டின பொம்பளை, எதையாவது உதைச்சாவது ஓட வைப்பா."

"வகுப்பு எடுக்கிறவன் நான். நான் போய் அவங்ககிட்ட கேக்கிறதா?"

"டெல்மர் யூஜீன் ஹாக்ஸ்டாட்." முழுப்பேரும் வந்துவிட்டது என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். "வியாழக்கிழமை அத்தனை பேரும் நம்ம வண்டிக்கு வந்து நிப்பாங்க. அப்ப என்ன பண்ணுவே? வாயாலயே உறுமிக் காட்டுவியா?"

டெல்மர் ஒரு கணம் அதையும் யோசித்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு நெருப்பு மூட்டி வட்டமாக உட்காருவது அங்கே வழக்கம். அந்த வட்டத்தில் ஒரு சட்டமும் உண்டு. "குளிர்" என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. குளிருக்குப் பயந்துதானே ஆயிரம் மைல் ஓடி வந்திருக்கிறார்கள்? வடக்கில் இருக்கிற பிள்ளைகளுக்கு தினமும் போன் பண்ணி, "இங்க சட்டை இல்லாம உக்காந்திருக்கோம்" என்று சொல்கிற வாயால் அதைச் சொல்லலாமா? வாய் தவறிச் சொன்னவர் மறுநாள் எல்லோருக்கும் சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பு சமைக்க வேண்டும்.

அன்று டெல்மர் தம்பதி வட்டத்துக்கு வந்தபோது எல்லோரும் நெருப்பை முன்னைவிட நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"ராத்திரி எப்படி, ரொவீனா?" என்று டெல்மர் கேட்டார்.

"வேர்த்துக் கொட்டிடுச்சு," என்றாள் ரொவீனா. அவள் கழுத்தில் இரண்டு மப்ளர் இருந்தது. "உங்களுக்கு?"

"ஹீட்டரைக் குறைச்சுத்தான் வச்சோம்," என்றார் டெல்மர்.

"நாங்க ஜன்னலையே திறந்துட்டோம்," என்றார் ஹாலிஸ். அவர் கையில் காப்பிக் கோப்பை கடகடவென்று ஆடியது.

"ஹாலிஸ், கை ஏன் இப்படி ஆடுது?" என்றார் அர்வில்லா.

"காப்பி அதிகம் குடிச்சிட்டேன்," என்று ஹாலிஸ் நெருப்பைப் பார்த்துச் சொன்னார்.

விடியும்போது டெல்மர் படுக்கையில் கிடந்து காது கொடுத்தார். சுற்றி இருந்த வண்டிகளிலிருந்தெல்லாம் உர்ர் என்று ஹீட்டர் சத்தம். பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. தன் வண்டி மட்டும் சும்மா கிடந்தால் சந்தேகம் வராதா? எழுந்து போய் ஃபேனை மட்டும் ஓடவிட்டார். ஊதியது அத்தனையும் ஐஸ்காற்று.

"இப்ப எதுக்கு இதைப் போட்டே?" என்று அர்வில்லா பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"சத்தம் கேக்கணும்ல."

"யாருக்கு?"

"அவங்களுக்கு."

அர்வில்லா டெல்மருடைய போர்வையையும் சேர்த்து இழுத்துக்கொண்டார்.

வகுப்பு நாளான வியாழக்கிழமை வந்தது. பந்தலுக்குக் கீழே நாற்காலி போட இடமில்லை. கனடாவின் மனிடோபாவிலிருந்து புதிதாக வந்திருந்த தம்பதிகூட முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்மர் ஃபேன், தகடு, காஸ், பொறி, தீ எல்லாவற்றையும் வழக்கத்தைவிட நீட்டி முழக்கிச் சொன்னார். அவர் மனசில் ஒரு திட்டம் இருந்தது.

"இந்த வருஷம் ஒரு மாறுதல். என் வண்டியையே எத்தனை தடவை பாப்பீங்க? ஹாலிஸ், உங்க வண்டிக்குப் போவோமா?"

ஹாலிஸ் முகம் வெளுத்தது. "என் வண்டியா? எங்க வண்டியில... புஸ்தகம் நிறைய. நிக்க இடம் போதாது."

"சரி, ரொவீனா?"

"என் நாய்க்கு ஆம்பளைங்கன்னா ஆகாது."

"போன வாரம் என் மடியிலதானே படுத்திருந்துச்சு?"

"அதுக்கப்புறம்தான் ஆகாமப் போச்சு."

டெல்மர் இன்னும் நாலு பேரைக் கேட்டார். ஒருவர் வண்டியில் தரை ஈரம், ஒருவர் வண்டியில் சாவி இல்லை, ஒருவருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. கடைசியில் எல்லோரும் ஒரே குரலில், "உங்க வண்டிதான் ராசி, டெல்மர்!" என்று எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வண்டிக் கதவு திறந்திருந்தது. வாசலிலும் ஜன்னலிலும் தலைகள். டெல்மர் பொத்தானைத் திருப்பினார். உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். ஃபேன் சுற்றியது. டிக் டிக். புப். அணைப்பு.

மூன்று தடவையும் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு வினோதமாக இருந்தது.

டெல்மர் அர்வில்லாவைப் பார்த்தார். வேட்டைக் குல்லாவுக்குக் கீழே மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அந்த மூக்கைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ கழன்றது.

"நண்பர்களே," என்றார். வானொலிக் குரல் வரவில்லை. பல் துலக்குகிற குரல்தான் வந்தது. "எங்க ஹீட்டர் எரியல. மணல்காத்து அடிச்ச மறுநாளே நின்னு போச்சு. என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். என்னன்னே புரியல. எங்களுக்குக் குளிருது."

அந்தச் சொல் காற்றில் நின்றது.

"கடவுளே, நன்றி!" என்று ஹாலிஸ் கத்தினார். நூலகர் வாழ்க்கையில் போட்ட முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

"எனக்குக் குளிருது, நீங்க கடவுளுக்கு நன்றி சொல்றீங்களா?"

"எங்களுதும் எரியல, டெல்மர்! அதே நாள்தான். உங்ககிட்ட சொன்னா, இத்தனை வருஷம் வகுப்பு எடுத்தும் இவனுக்கு ஒண்ணும் ஏறலயேன்னு நினைப்பீங்கன்னு..."

"என்னோடதும்தான்," என்றாள் ரொவீனா. "நான் நாயைக் கட்டிப் பிடிச்சுத் தூங்கறேன். நாய்க்கு என் மேலயே வெறுப்பு வந்துடுச்சு."

"எங்களுதும்!" "எங்களுதும்!" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல்கள்.

"இருங்க, இருங்க," என்றார் டெல்மர். "விடியக்காலைல உங்க வண்டியிலேருந்தெல்லாம் சத்தம் வருதே?"

"வெறும் ஃபேன்," என்றார் ஹாலிஸ். "நீங்க கேக்கணுமேன்னு."

"நானும்தான் நீங்க கேக்கணும்னு போட்டேன்!"

அர்வில்லா குல்லாவைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து டெல்மர் கிட்டே போனார். அர்வில்லாவுக்குச் சிரிப்பில் மூச்சு வரவில்லை. அந்தச் சிரிப்பு வாசல் வழியாக இறங்கி, சரளையில் பரவி, கள்ளிச்செடி வரை போனது. ரொவீனா ஹாலிஸின் முதுகில் ஓங்கி அறைந்து அறைந்து சிரித்தாள். "ஜன்னலைத் திறந்து வச்சாராம்! ஜன்னலை!"

அந்தக் கூச்சலில் மனிடோபாக்காரி கார்மெல் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"மன்னிச்சுக்கங்க. எங்களுது நல்லாத்தான் எரியுது."

எல்லோரும் அவளை ஒரு துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"உங்க வண்டி புதுசா?" என்று கேட்டார் டெல்மர்.

"ஐயையோ, எங்க கல்யாணத்தை விடப் பழசு. உங்க எல்லார்கிட்டயும் இருக்கிற ஒண்ணுதான் எங்ககிட்ட இல்ல. அந்த வலை. நீங்கதான் வெள்ளிக்கிழமை வந்து மாட்டித் தர்றேன்னு சொல்லியிருந்தீங்க."

டெல்மர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நோய் வந்த நாளிலிருந்து வைத்தியம் அத்தனையும் உள்ளேயே நடந்தது. வெளியே வலையைத் துடைக்க மட்டும்தான் வந்திருந்தார். குறடால் பித்தளைக் கம்பியை நெம்பி, வலையைப் பிடுங்கி, சூரியனுக்கு நேராகப் பிடித்தார்.

சூரியன் தெரியவில்லை. மாவுப் புழுதியும், அவர் தினமும் தேய்த்த ஈரத்துணியும் சேர்ந்து, வலையை நல்ல ஓடாக்கி வைத்திருந்தன. தீ பிறக்கிறது, மூச்சு இழுக்கப் பார்க்கிறது, காற்று இல்லை, செத்துப்போகிறது. பின்னே எப்படி எரியும்?

"நல்லவேளை, பிறந்ததுமே செத்துச்சு," என்றாள் ரொவீனா, அருகே வந்து எட்டிப் பார்த்து. "அரைகுறையா எரிஞ்சு புகை உள்ள போயிருந்தா நாம செத்திருப்போம்."

டெல்மர் வலையைத் தரையில் வீசினார். "அர்வில்லா," என்று கூப்பிட்டார். "பொத்தானைத் திருப்பு."

டிக் டிக். புப். பிறகு ஒரு பெரிய, நீண்ட, வயிறு நிறைந்த உறுமல். துளையிலிருந்து சூடான காற்று வந்து அவர் முழங்காலில் பட்டது. உள்ளே இருந்து அர்வில்லாவின் குரல் வந்தது: "எரியுது! டெல்மர், நிக்காம எரியுது!"

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் குறடைத் தேடித் தங்கள் வண்டிக்கு ஓடினார்கள்.

பகல் பன்னிரண்டு மணி வெயிலில், அரைக்கால் சட்டை போடுகிற சூட்டில், அந்தப் பாலைவனத்தில் அத்தனை வண்டிகளும் ஹீட்டரை முழு வேகத்தில் எரித்தன. யாருக்கும் அணைக்க மனசு வரவில்லை. ஹாலிஸ் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, "இந்த முறை நிஜமாவே வேர்க்குது!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். டெல்மர் ஒவ்வொரு வண்டியாகப் போய், தான் மாட்டிய வலையைத் தானே பிடுங்கி, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். ரொவீனா வலையைத் தூக்கி எறிய விடவில்லை. டீ வடிகட்டி நல்லது கிடைப்பதில்லையாம்.

ஹீட்டர்காரர் என்ற பேர் போய்விட்டது, சந்தேகமில்லை. அது போன இடம் வலிக்கும் என்று டெல்மர் காத்திருந்தார். வலிக்கவே இல்லை. குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் வட்டத்தில் ஹாலிஸ் கேட்டார்: "எல்லாம் சரி டெல்மர், இனிமே குளவி வந்தா என்ன பண்றது?"

எல்லோரும் திரும்பினார்கள். டெல்மர் பழக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார். அர்வில்லா கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியாது," என்றார் டெல்மர்.

அந்தக் கிணற்றுக் குரலில், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. சொன்ன பிறகு அது வாயில் இனித்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாமல் போய்விட்டதே!

"எங்க ஃபிரிட்ஜ்ல பால் உறைஞ்சு போகுதே, அது ஏன்?" என்று கேட்டாள் கார்மெல்.

"அதுவும் தெரியாது!" என்று டெல்மர் சந்தோஷமாகச் சொன்னார்.

"என் தண்ணி பம்ப் கத்துது."

"சுத்தமாத் தெரியாது!"

அர்வில்லா கண்ணைத் திறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கார்மெல் தன் கணவர் பக்கம் குனிந்து, ஆனால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்:

"எவ்வளவு நிச்சயமாச் சொல்றார் பாத்தீங்களா? இவருக்கு ஃபிரிட்ஜ் நல்லாத் தெரியும்."

"வியாழக்கிழமை வச்சுக்கலாமா?" என்று ஹாலிஸ் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள்.